இரண்டு தராசு: மலையகத்தில் சுகாதாரக் கொள்கை ஆய்வாளர்களை உருவாக்கப் பார்த்த கதை

தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தராசு தொங்கும். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவில் மாதத்துக்கு ஒரே தடவை. மடுவத்துத் தராசில் கொழுந்து, புள்ளக்காம்பராத் தராசில் குழந்தை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை தன் களக்குறிப்புக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதியிருந்தாள், கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா எழுதியிருக்க, ஆனா இது ஆய்வுக் கேள்வி இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததும் முதலில் ஞாபகம் வந்தது அப்படித் திருப்பிக் கொடுத்ததுதான்.

விஷயம் இது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து கம்பஸ் வரை வந்த எட்டுப் பேரைச் சேர்த்து, சுகாதாரக் கொள்கை ஆய்வு என்றால் என்ன, தரவு எங்கே கிடக்கும், அதை எப்படித் துருவுவது, துருவியதை அதிகாரியின் மேசையில் எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்னப் பயிற்சி. ஹட்டனில் வாடகைக்கு எடுத்த ஒரு மேல்மாடி அறை, சனி ஞாயிறு வகுப்பு, வார நாட்களில் களவேலை. நான் ஒருங்கிணைப்பாளர். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பிழைகளில் பாதி என்னுடையவை, மீதிப் பாதியைப் பங்கு போட ஆளைத் தேடவும் விருப்பமில்லை.

ஏன் கொள்கை ஆய்வாளர்கள்? டொக்டர்மாரையும் மிட்வைஃப்மாரையும் அல்லவா உருவாக்க வேண்டும் என்று ஹட்டனிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி ஆய்வு நடக்காமல் இருந்ததே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1916லேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிவிட்டது. ஆட்களின் மலத்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், எண்ணிக்கை எழுதிக்கொண்டு போனார்கள். மலசலகூடம் கட்டக் காசு செலவழிக்கத் தோட்டக்காரர்கள் இழுத்தடித்ததில் மருந்து குடித்தவர்களின் காலிலேயே மண்ணிலிருந்து மறுபடியும் புழு ஏறியது. அளந்தவர்கள் வெளியாட்கள், அளக்கப்பட்டவர்கள் நாங்கள், மலசலகூடம் கட்டலாமா வேண்டாமா என்று தீர்மானித்தவர்கள் மூன்றாவது ஆட்கள். இந்த முக்கோணம் நூறு வருடத்துக்கும் மேலாகப் பெரிதாக ஆடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்டத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். 1912ன் மருத்துவத் தேவைகள் சட்டத்தோடு தோட்டத்து ஆட்களின் வைத்தியம் தனி ஓட்டமாகவே ஓடியது. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, இன்றைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் என்று நாம் சொல்கிற அமைப்பு நாடு முழுக்கப் பரவியபோது, தோட்டத்துக்கு ஈ.எம்.ஏ. என்கிற தோட்ட வைத்திய உதவியாளரும் டிஸ்பென்சரியும்தான். 1948ல் குடியுரிமை போனது. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கு அது திரும்பி வந்தது 2003ன் சட்டத்தில். தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசு கையேற்பது 1990களில்தான் மெதுவாகத் தொடங்கியது. பிரதேச சபை தன் காசைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்காமல் இருந்ததும் 2018ல்தான் திருத்தப்பட்டது. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் வருட வாரியாக எழுதியபோது ஒரு தம்பி, "அப்ப நாங்க நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியில இருந்திருக்கோம்" என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து எதை எடுத்தோம்

பாடத்திட்டம் எழுதும்போது எங்களுக்கு முன்னால் இருந்த மாதிரிகள் அமெரிக்காவில் இருந்தன. அங்கே 1985ல் சுகாதாரச் செயலாளர் மார்கரெட் ஹெக்லரின் காலத்தில் வந்த அறிக்கை, கறுப்பினத்தாரும் மற்றச் சிறுபான்மையினரும் வருடத்துக்கு ஏறத்தாழ 60,000 பேர் 'மிகைச் சாவு' சாகிறார்கள் என்று கணக்குக் காட்டியது. வெள்ளையரின் இறப்பு வீதமே இவர்களுக்கும் இருந்திருந்தால் நடந்திருக்காத சாவுகள் அவை. அடுத்த வருடமே சிறுபான்மையினர் சுகாதாரத்துக்கென்று ஓர் அலுவலகம் வந்தது. 1996ல் காமன்வெல்த் நிதியத்தின் ஆதரவில் ஹார்வர்டில் சிறுபான்மைச் சுகாதாரக் கொள்கைக்கான புலமைத் திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே டொக்டரானவர்களை ஒரு வருடம் உட்கார வைத்துக் கொள்கையும் நிர்வாகமும் படிப்பிப்பது. நாஷ்வில் நகரத்தில், 1876லிருந்து கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிவரும் மெஹாரி மருத்துவக் கல்லூரியில், 2009ல் ராபர்ட் வூட் ஜான்சன் அறக்கட்டளையின் காசில் ஒரு சுகாதாரக் கொள்கை மையம் வந்தது.

இதில் எங்களுக்கு ஒத்துவந்தது, 'மிகைச் சாவு' மாதிரி ஒரே எண்ணில் அநியாயத்தைச் சொல்லிவிடுகிற அந்த வித்தை. ஒத்துவராதது இரண்டு. அங்கே ஆஸ்பத்திரிப் படிவங்களில் இனம் என்று ஒரு கட்டம் வழக்கமாகவே இருக்கும். இங்கே அறிக்கையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நகரம், கிராமம், தோட்டம். இரண்டாவது, ஹார்வர்டுக்குப் போகிறவருக்குச் சம்பளம் மாதிரி ஒன்று கிடைக்கும். நாங்கள் கொடுத்தது பஸ் காசும் பகல் சாப்பாடும். இதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

தோட்டம் என்றால் யார்?

2016ல் எடுத்த குடிசன சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டுக்கு 17.3 வீதம், தோட்டத்துக்கு 31.7 வீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. மலையகச் சுகாதாரம் பற்றிப் பேசுகிற எவரும் தொடங்குகிற எண் இது. நானும் இதில்தான் தொடங்கினேன். எட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள். அந்த மஸ்கெலியாப் பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, இதுல எங்க அக்கா மகன் இருக்கானா?"

அக்கா கல்யாணம் முடித்துக் கொட்டகலைப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிப் போய்விட்டாள். கணவன் கொழும்பில் கடையில் வேலை. புள்ளிவிபரத்தில் தோட்டம் என்பது 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலமும், அங்கேயே தங்கி வேலை செய்கிற பத்துப் பேராவதும் இருக்கிற இடம். அக்கா மகன் அந்த வரைவிலக்கணத்திலிருந்து இறங்கிக் கிராமத்துக்குள் போய்விட்டான். அவனுடைய அம்மம்மா இன்னும் லயத்தில்தான், பாதி நாள் இவனும் அங்கேதான்.

அன்றைக்கு மத்தியானம் போட்டிருந்த பாடத்தை விட்டுவிட்டு இதையே பேசினோம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' (படிவத்தில் எங்கள் ஆட்களுக்குள்ள பெயர்) 839,504 பேர், சனத்தொகையில் 4.1 வீதம். அதே கணக்கெடுப்பில் தோட்டத் துறையில் இருந்தவர்கள் 4.4 வீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதால் இரண்டும் ஒரே ஆட்கள் என்று மனது முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆனால் மலையகத்தார் நிறையப் பேர் டவுனிலும் கிராமத்திலும் இருக்கிறார்கள். தோட்டத் துறைக்குள் சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. எங்கள் ஆட்களிலேயே பலர் படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிகிறார்கள். கொஞ்சம் வசதி வந்தவர்கள் லயத்தை விட்டுப் போனால், மிஞ்சுகிற தோட்டத்து எண் மோசமாகும். மெலிந்த பிள்ளையோடு ஒரு குடும்பம் வெளியேறிப் போனால் அதே எண் நல்லதாகும். பிள்ளை ஒரு பிடி சோறு கூடக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்காது. இதை ஒரு பாடப்புத்தகம் பகுதி எண் (வீதத்துக்குக் கீழே வருகிற மொத்தம்) பிழை என்று இரண்டு வரியில் சொல்லிவிடும், அவள் அக்கா மகனை வைத்து ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னாள். லயத்துப் பிள்ளைகளை ஏன் பயிற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பின்னேரத்தைத்தான் காட்டுவேன்.

விழிப்புணர்வு என்ற சொல்

ஒவ்வொருவரும் ஒரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வந்த தலைப்புகளில் முக்கால்வாசியில் 'தாய்மாரின் விழிப்புணர்வு' இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, ஆனால் நாங்கள் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளிலேயே அது இருந்தது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மஸ்கெலியாப் பிள்ளையும் 'மாதாந்த நிறை பார்க்கும் கிளினிக்குக்குப் பிள்ளைகளைக் கொண்டுவராத தாய்மாரின் விழிப்புணர்வு மட்டம்' என்றுதான் எழுதிக் கொடுத்தாள். நான் ஒப்புக்கொண்டேன். இரண்டு தராசைத் திருப்பிக் கொடுத்தவன், விழிப்புணர்வுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

கேள்விக்கொத்து முதல் நாளே கவிழ்ந்தது. 'கடந்த 24 மணித்தியாலங்களில் பிள்ளை உட்கொண்ட உணவு வகைகள்' என்று வாசித்ததும் அந்த அம்மா, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிட்டாராம். 'குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர்' என்றதற்கு ஒருவர் ஆறு என்றார், அதே காம்பராவில் இருந்த அவருடைய மாமியார் மூன்று என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி. ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு; மகன் குடும்பம் தனிச் சமையல். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்று கணக்கெடுப்பும் சொல்கிறது, ஆனால் படிவத்தில் ஒரு காம்பரா இலக்கத்துக்கு ஒரு வரிதான் இருந்தது.

இரண்டாவது வாரம் அவள் கேள்விக்கொத்தை மூடி வைத்துவிட்டு, கிளினிக் நாளன்று காலையிலிருந்து புள்ளக்காம்பரா வாசலில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய குறிப்பிலிருந்து சொல்கிறேன். மிட்வைஃப் பக்கத்து டிவிசனில் வேலையை முடித்துவிட்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது பத்தரை. மேல் மலையில் கொழுந்தெடுக்கிற அம்மா ஒருத்தி, சாக்கைப் பக்கத்து ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஈரப் படங்கை இடுப்போடு கட்டியபடியே இறங்கி வந்தாள். தராசில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளையை அதற்குள் இறக்கினால் முள் ஆடுகிறது, பிள்ளை வீரிட்டு அழுகிறது, முள் நிற்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற அந்த ஒரு நிமிடமும் அம்மாவின் கண் மலைப் பக்கம்தான். மத்தியான நிறுவைக்கு முன்னால் மேலே போய்ச் சேராவிட்டால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபாயில் அரைப்பேர் என்றால் 675. "கிளினிக்குக்கு வந்தா அரப்பேருதான் மிஸ். அரப்பேரு வாங்கிட்டுப் போய் புள்ளைக்கு என்னாத்த ஆக்கிப் போடுறது?" என்று அந்த அம்மா கேட்டாராம். பிள்ளையின் நிறை கோட்டுக்குக் கீழே போனால் என்ன அர்த்தம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அரசு கொடுக்கிற திரிபோஷ சத்துமா எந்த மாதம் வரவில்லை என்றுகூடச் சொன்னார்.

அப்புறம் இன்னொன்று. காலைக் குளிரில் பிள்ளைகளை சுவெட்டரோடுதான் நிறுத்தார்கள். கழற்றச் சொல்ல மிட்வைஃபுக்கும் மனமில்லை, கழற்ற அம்மாவுக்கும் மனமில்லை. கதவில்லாத அந்த இடத்தில் காற்று அப்படி. அவள் எழுதியது: "கொழுந்துக்கு சாக்கு நிறை, தண்ணி நிறை எல்லாம் கழிக்கிறாங்க. புள்ளைக்கு சுவெட்டர் நிறை கழிக்கிறதில்ல." யோசித்துப் பாருங்கள், கழிவு எங்கே விழுகிறது, யார் பக்கம் விழுகிறது என்று. ஆளின் கிலோ குறைகிறது, பிள்ளையின் கிலோ கூடுகிறது, இரண்டுமே கொப்பியில் அப்படியே ஏறுகின்றன. தலைப்பை மாற்றச் சொன்னேன். அவள் ஏற்கெனவே மாற்றியிருந்தாள்.

நான் செய்த பிழை

நான்கு மாதம் கழித்து மாவட்ட மட்டத்தில் ஒரு கூட்டத்தில் பேச இடம் கிடைத்தது. பதினைந்து நிமிடம். அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்திருந்தாள். பேசி முடித்ததும் மேசைத் தலைப்பில் இருந்தவர் மரியாதையாகவே, சிங்களத்தில், கிளினிக் நேரத்தை மாற்றினால் மிட்வைஃபின் மற்ற டிவிசன்களை என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. அவள் வாயைத் திறக்கும் முன்னே நான் எழுந்து சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டேன். அடுத்த கேள்வி நேராக என்னிடம் வந்தது, அதற்கடுத்ததும். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகம் என்று அறிவிக்கப்பட்டவை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலவாக்கலை தாண்டும் வரை அவள் பேசவில்லை. பிறகு, "அண்ணே, நாலு மாசம் அந்த வாசல்ல உக்காந்தது நான். சிங்களம் எனக்கும் வரும், கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்றாள், ஆனால் விடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு பாடத்திட்டத்தில் செய்த ஒரே பெரிய மாற்றம், புள்ளியியலில் நான்கு வகுப்பைக் குறைத்து அலுவலகச் சிங்களத்துக்குக் கொடுத்தது. கடைச் சிங்களம் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும். 'சுற்றறிக்கை', 'ஆளணி', 'ஒதுக்கீடு' மாதிரிச் சொற்களில்தான் தடுக்கும். ஒருவர் அதிகாரியாக உட்கார, மற்றவர் நின்று பதில் சொல்ல, ஒருங்கிணைப்பாளர் வாயே திறக்கக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியைக் கரும்பலகையில் எழுதியதும் அவள்தான்.

என்ன மாறியது, எது மாறவில்லை

சுவெட்டர் விஷயம் ஒரே மாதத்தில் சரியானது. மிட்வைஃப் தானாகவே வாசலுக்கு ஒரு தடித்த படங்கைத் தொங்கவிடச் சொல்லி, உடுப்பைக் கழற்றி நிறுக்கத் தொடங்கினார். காசு செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கிளினிக் நேரம் அப்படி இல்லை. அந்தத் தோட்டத்துத் துரையும் (மனேஜர்) தொழிற்சங்கத் தலைவரும் பேசி, மத்தியான நிறுவைக்குப் பிறகு கிளினிக், வருகிற அம்மாவுக்கு அன்றைக்கு முழுப்பேர் என்று வாயால் ஒப்புக்கொண்டார்கள். சில மாதம் நன்றாக நடந்தது, கிளினிக் வரிசை நீண்டது. பிறகு துரை மாற்றலாகிப் போனார், புதியவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் பழையபடி. எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. யாரிடம் வாங்குவது? அவள் சார்ட் பேப்பரில் ஒரு படம் வரைந்தாள், நடுவில் ஒரு குழந்தை, சுற்றிலும் அதன் கிளினிக் நேரத்தில் கை இருக்கிறவர்கள்: மிட்வைஃபுக்கு மேலே எம்.ஓ.எச்., அதற்கு மேலே மாகாணம். பேர் போடுவது தோட்டம், அதற்கு மேலே 1992லிருந்து நிர்வாகத்தை வைத்திருக்கிற கம்பனிகள். புள்ளக்காம்பராவைப் பார்ப்பது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். சம்பளத்தைப் பேசுவது தொழிற்சங்கம். எம்.ஓ.எச். தோட்டத்துக்குக் கட்டளை போட முடியாது, தோட்டம் மிட்வைஃபின் அட்டவணையைத் தொட முடியாது. அம்புக்குறிகள் எதுவும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பயிற்சியின் இரண்டு வருடத்தில் வந்த எல்லாக் கட்டுரைகளையும் விட அந்த ஒரு சார்ட் பேப்பர்தான் பெறுமதி என்று நான் நினைக்கிறேன், அது இப்போதும் அந்த மேல்மாடிச் சுவரில் ஓரம் கிழிந்து தொங்குகிறது.

எட்டுப் பேரில் மூன்று பேர் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போனார்கள். ஒருவர் வங்கியில், ஒருவர் கட்டாரில், ஒருத்தி கல்யாணம் முடித்துக் கொழும்பில். ஆய்வு வேலையில் இருப்பது இரண்டே பேர். இதைத் தோல்வி என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். லயத்தில் கடன் கட்டக் காத்திருக்கிற ஒரு அப்பா, பஸ் காசு மட்டும் கொண்டுவருகிற மகனை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பார்? மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று இல்லாமல் அடுத்த குழுவைத் தொடங்குவதில்லை என்று நான் சொல்லிவிட்டேன், அதனால் அடுத்த குழு இன்னும் தொடங்கவில்லை.

மஸ்கெலியாப் பிள்ளை அந்த இரண்டு பேரில் ஒருத்தி. பட்டமேற்படிப்புக்குப் பதிந்திருக்கிறாள், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி. போன மாதம் புதுக் கேள்விக்கொத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் கேள்வி, 'இந்தக் காம்பராவுல எத்தன அடுப்பு எரியுது?' கை சும்மா இருக்கவில்லை. 'காம்பராவில் எத்தனை அடுப்பு எரிகிறது' என்று திருத்தி அனுப்பினேன். இரவே பதில் வந்தது: "அண்ணே, மத்ததெல்லாம் பாருங்க. முதல் கேள்விய தொடாதீங்க."